வள்ளி திருமணத்துக்குப் பாட்டு எழுதினது யாரு, பொட்டி வாசிச்சது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல இசை நாடகம் பத்தி ஒரு முழுப் பக்கம் வந்திருந்துச்சு, ஆசையா எடுத்து வச்சுப் படிச்சேன், எழுதினவரும் நல்லாத்தான் எழுதியிருக்காரு, அதுல குத்தம் சொல்ல வரல. ஆனா அவ்ளோ பெரிய பக்கத்துல மொத்தமே மூணு பேரு பேருதான் இருக்கு. நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள், மேடையில பாடி நடிச்ச கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள். நடுவுல பெருசா ஒரு வள்ளி திருமணம் போட்டோ, அதுக்குக் கீழ "நாடகக் கலைஞர்கள்"னு போட்டு முடிச்சுட்டீங்க. முருகர் வேஷம் கட்டினவருக்குப் பேரு இல்ல, ஓரமா பொட்டி, அதான் ஹார்மோனியம், முன்னாடி உக்காந்திருக்கவருக்கும் பேரு இல்ல, மிருதங்கக்காரரு பாதி உடம்போட கட் ஆகிப் போயிட்டாரு. அதான் எழுதணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, பேருகளை மட்டும் வெட்டிராதீங்க.

நான் புதுக்கோட்டைப் பக்கம் சின்னதா ஒரு பிரஸ் வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக்கு, மாசி பங்குனி சித்திரை வந்துட்டா திருவிழா நோட்டீஸ். அப்பா காலத்துல ஈய எழுத்து கோத்து அடிச்சது, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர், ஆஃப்செட். நாடக நோட்டீஸுக்குன்னு எங்க தொழில்ல ஒரு வரிசை இருக்கு. மேல அம்மன் படம், ஊர்ப் பேரு, தேதி, இரவு 10 மணியளவில்னு ஒரு வரி (எந்தக் காலத்துல 10 மணிக்கு ஆரம்பிச்சாங்க, அது வேற கதை), அப்புறம் கொட்டை எழுத்துல நாடகத்தோட பேரு. அதுக்கப்புறம் ராஜபார்ட் (நாயகன் வேஷம்), ஸ்த்ரீபார்ட் (நாயகி வேஷம்) ரெண்டு பேரு போட்டோவும் பெருசா, பபூன், டான்ஸ், நாரதர் போட்டோ அதைவிடச் சின்னதா, அதுக்குக் கீழ ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவிதத் தாளக் கருவி வாசிக்கறவரு), கட்டக் கடைசியில சீன் செட்டிங், மைக் செட். உபயதாரர் லிஸ்டு நீண்டுக்கிட்டே போனா கமிட்டிக்காரங்க வந்து நிப்பாங்க, "அண்ணே அந்தக் கீழ் வரியைக் கொஞ்சம் பொடி எழுத்தாக்கி அடிங்க"ம்பாங்க. பொடி எழுத்தானாலும் அந்தப் பேரு இருக்கும், ஊரோட சேர்த்தே இருக்கும். ஒரு ராத்திரிக்கு மேல யாரும் வச்சுக்காத நோட்டீஸ்ல இருக்கற விவரம் ஒரு பெரிய பேப்பரோட முழுப் பக்கத்துல இல்லைங்கறதுதான் என் ஆதங்கம்.

கீழ் வரி ஆளுங்கதான் முக்கியம்னு ஏன் சொல்றேன்னா ஸ்பெஷல் நாடகத்தோட அமைப்பே அப்படி. ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து வருவாரு, ஸ்த்ரீபார்ட் இன்னொரு ஊர்ல இருந்து வருவாங்க, பபூன் முந்தின நாள் வேற எங்கயோ ஆடிட்டு விடியக்காலை பஸ் பிடிச்சு வருவாரு. ஒத்திகைங்கறதே கிடையாது. ஏஜென்ட் மூலமா அட்வான்ஸ் வாங்கி டைரியில தேதி குறிச்சுக்கிட்டு வர்றவங்க, மேக்கப் கொட்டகையிலதான் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. அப்புறம் எப்படி விடிய விடிய பாட்டும் தர்க்கமும் பிசிறில்லாம போகுதுன்னா, அந்த ஓரத்துல பொட்டியோட உக்காந்திருக்க மனுஷன்தான். யாருக்கு எந்தச் சுருதின்னு அவருக்குத் தெரியும், நாரதரு எந்த அடியை விட்டுட்டாருன்னு தெரியும், பின்பாட்டுல எடுத்துக் குடுத்து இழுத்துட்டுப் போயிருவாரு, வள்ளிக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னா பாதிப் பாட்டை அவரே பாடி ஒப்பேத்திருவாரு. ஜனங்க பாக்கறது வேலையும் மயிலையும். பாதி நாடகம் அந்தப் பொட்டியிலதான் நடக்குது.

இந்த வரிசையைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. பழைய நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கிராமஃபோன் பிளேட்டு எது கண்ணுல பட்டாலும் முதல்ல பொடி எழுத்தைத்தான் பாப்பேன்.

சங்கரதாஸ் சுவாமிகளையே எடுத்துக்கோங்க. நாடகத்துப் பக்கமே எட்டிப் பாக்காத நிறைய பேருக்கு அவரு பேரு எப்பத் தெரியும்னா 2019ல நடிகர் சங்கத் தேர்தல் வந்தப்ப. பாண்டவர் அணிக்கு எதிரா சுவாமி சங்கரதாஸ் அணின்னு நின்னாங்கல்ல, அப்ப டிவியில நாள் பூரா இந்தப் பேருதான். அவரு யாரு, என்ன எழுதினாருன்னு ஒரு சேனலாவது ஒழுங்கா ஒரு அஞ்சு நிமிஷம் சொல்லுச்சா தெரியல, நான் பாத்த வரைக்கும் ஓட்டுக் கணக்குதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. 1867ல தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பிறந்தவரு, பழனி தண்டபாணி சுவாமிகள்கிட்ட தமிழ் படிச்சாரு, உப்புப் பண்டகசாலையில கணக்கு எழுதிக்கிட்டிருந்தாரு, இருபத்தி நாலு வயசு வாக்குல அதை விட்டுட்டு நாடகத்துக்கு வந்துட்டாரு. எமன், சனீஸ்வரன், இரணியன் வேஷமெல்லாம் கட்டினாரு. அவரோட எமன் வேஷத்தைப் பாத்து ஒரு கர்ப்பிணிக்கு என்னமோ ஆயிருச்சு, அதோட வேஷம் கட்டறதை விட்டுட்டாருன்னு ஒரு கதை உண்டு, எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இந்தக் கதை இருக்கும், உங்க கட்டுரையிலயும் இருந்துச்சு. எனக்கு அந்தக் கதை அலுத்துப் போச்சுங்க. அதைவிட அவரு நாடகம் சொல்லிக் குடுத்த விதத்தைப் பத்தி நாலு வரி எழுதியிருக்கலாம். பெரிய நடிகருங்க சொல்படி கேக்காம மேடையில இஷ்டத்துக்கு இழுக்கறாங்கன்னுதான அவரு பையன்களை வச்சுக் கம்பெனி நடத்துனாரு, 1918ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபான்னு. அந்தப் பையன்கள்ல ஒருத்தருதான் பின்னாடி அவ்வை சண்முகம்னு பேரெடுத்த டி.கே.சண்முகம், சேரும்போது அவருக்கு ஆறு வயசு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, சுவாமிகளைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பாதிக்கு மேல அந்த ஆறு வயசுப் பையன் பெரியவரானப்புறம் எழுதி வச்சதுதான். அபிமன்யு சுந்தரி நாடகத்தை சுவாமிகள் ஒரே ராத்திரியில எழுதி முடிச்சாருன்னு நாம சொல்றமே, அது அவரு சொல்லித்தான். 1921 வாக்குல சுவாமிகளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனது, 1922 நவம்பர்ல புதுச்சேரியில காலமானது எல்லாமே அந்தப் பையன்கள் கூட இருந்து பாத்தது. சண்முகம் அண்ணாச்சி மட்டும் எழுதலைன்னா சுவாமிகள் இன்னைக்கு ஒரு சிலையும் ஒரு குருபூஜையுமா மட்டும்தான் இருந்திருப்பாரு. ஆனா அதே கம்பெனியில பெட்டி வாசிச்சவரு, சமையல்காரரு, படுதா தூக்கினவரு, பையன்களுக்கு ஜரிகை தச்ச டைலரு, இவங்க யாருக்கும் நினைவுகள் எழுத ஒரு ஆறு வயசுப் பையன் வாய்க்கல. பம்மல் சம்பந்த முதலியாரு தன்னோட நாடக மேடை நினைவுகளை சுதேசமித்திரன்லதான் தொடரா எழுதினாரு, அதாவது அன்னைக்கு ஒரு பத்திரிகை இடம் குடுத்துச்சு, அதனால 1891ல சுகுண விலாச சபை ஆரம்பிச்ச கதை நமக்குக் கிடைச்சுது. ஆனா அவரு வக்கீல், ஜட்ஜா இருந்தவரு, சபா வச்சு நடத்துனவரு. எழுதத் தெரிஞ்சவரு பாத்த நாடக உலகம் அது. தெருத்தெருவாப் போயி வயித்துப் பொழப்புக்கு ஆடினவங்களோட உலகம் வேற.

பாட்டுக்கு வர்றேன். "காயாத கானகத்தே" யாரு பாட்டுன்னு கேளுங்க. என் வயசுக்காரங்க டி.ஆர்.மகாலிங்கம்பாங்க, 1945ல வந்த ஸ்ரீவள்ளி படத்தை மனசுல வச்சுக்கிட்டு. அதுக்கு மூத்தவங்க கிட்டப்பாம்பாங்க. அது வள்ளி திருமணம் மேடைப் பாட்டு, சுவாமிகளோடதுன்னு சொல்ற ஆளு எங்கயாவது ஒருத்தரு இருப்பாரு. பாடினவன் பேருல பாட்டு போயிடறது நம்ம ஊருல புதுசு இல்ல. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகத்துலயே அப்படித்தான், அட்டையில பாடினவரு பேரு பெருசா, எழுதினவரு பேரு உள்ள எங்கயோ, சிலதுல அதுவும் கிடையாது. பிளேட்டுலயும் பாடினவரு பேரும் ராகமும் நாடகப் பேரும் இருக்கும், ரெக்கார்டிங்குக்குப் பொட்டி வாசிச்சது யாருன்னு தேடினா கிடைக்காது. கிட்டப்பாவுக்கு வாசிச்சது அவரோட கூடப்பொறந்தவரு காசி அய்யருங்கறது ரசிகருங்களுக்குத் தெரியும். 1906ல பிறந்து 1933ல போயிட்டாரு கிட்டப்பா, அந்தக் குரல் எட்டுக்கட்டை பத்துக்கட்டைன்னு இன்னைக்கு வரைக்கும் பேசறோம், அந்தக் குரல் போற இடமெல்லாம் கூடவே போன விரல் யாருதுன்னு யாராவது பேசறோமா.

பொட்டிக்காரங்க விஷயத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. 1940ல ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்துக்குத் தடை போட்டுச்சு, நம்ம சங்கீதத்தோட கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைச்சு வளைச்சுப் பாடறதுக்கு, அது ஒத்து வராதுன்னாங்க, 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்துச்சு. முப்பது வருஷம். வீணை, வயலின், நாதஸ்வரம் வித்வான்களுக்கெல்லாம் ரேடியோ நிலையத்துல பேரு, தேதி, டேப்புன்னு ஏதாவது ஒரு பதிவு மிஞ்சியிருக்கும். நாடக மேடையில நல்லாக் கொடிகட்டிப் பறந்த பொட்டிக்காரங்களுக்கு அந்த வாசலே சாத்தியிருந்துச்சு. அதனால அவங்களைத் தேடறவங்களுக்கு மிஞ்சினது நோட்டீஸும் வீட்டுல மாட்டியிருக்க போட்டோவும்தான்.

எழுதினவங்கள்ல ஒருத்தரு விஷயத்துல மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். மதுரகவி பாஸ்கரதாஸ். 1892ல பிறந்தவரு, இயற்பேரு வெள்ளைச்சாமி, ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி பேரை வச்சு பாஸ்கரதாஸ் ஆனவரு. நாடகக்காரங்க அவருகிட்ட வந்து பாட்டு எழுதி வாங்கிட்டுப் போவாங்க, 1931ல வந்த முதல் தமிழ் பேசும் படம் காளிதாஸுக்கும் அவருதான் பாட்டு, கதைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாம கைராட்டினப் பாட்டு ஒண்ணு அதுல இருக்கும், சனம் அதைத்தான் கொண்டாடுச்சு. இந்த மனுஷன் முப்பது வருஷத்துக்கும் மேல டைரி எழுதியிருக்காரு. யாரு வந்தாங்க, எந்த ஊருக்குப் போனேன், யாருக்கு என்ன பாட்டுன்னு. அவரு பேரன், நாடக இயக்குநர் முருகபூபதி அதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாக் கொண்டு வந்தாரு. நாடகத்துக்குப் பின்னாடி இருந்தவங்களைத் தேடறவங்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் தமிழ்ல இருக்கான்னு எனக்குத் தெரியல. பெரிய தத்துவமெல்லாம் இல்ல, தினப்படி விவரம்தான். அந்த தினப்படி விவரம்தான் நமக்கு வேணும், எந்தத் தேதிக்கு யாரு எந்த ஊருல இருந்தாங்கங்கறது தெரிஞ்சுட்டா மத்த கதையை எல்லாம் அதோட ஒட்ட வச்சு சரியா தப்பான்னு பாத்துரலாம்.

"கொக்கு பறக்குதடி பாப்பா" பாஸ்கரதாஸ் எழுதினது, அதை ஊர் ஊராப் பாடிக் கொண்டு போனது விஸ்வநாததாஸ். சிவகாசியில பிறந்து திருமங்கலத்துல இருந்தவரு. வெள்ளைக்காரனைக் கொக்குன்னு பாடறாருன்னு போலீஸுக்கும் தெரியும், ஜனங்களுக்கும் தெரியும், மேடையில நடக்கறது என்னமோ வள்ளி திருமணம். எத்தனையோ தடவை பிடிச்சு உள்ள போட்டாங்க. மருத்துவர் சமுதாயத்துல, அதாவது முடி திருத்தற சமுதாயத்துல, பிறந்தவருங்கறதால அவரோட ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டேன்னு ஸ்த்ரீபார்ட் பொம்பளைங்களே சொன்ன கதையும் உண்டு, அதையும் தாங்கிக்கிட்டுத்தான் பாடினாரு. 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னை ராயல் தியேட்டர்ல முருகன் வேஷத்துல மயில் மேல உக்காந்து பாடிக்கிட்டிருக்கும்போதே உசிரு போயிருச்சு. அன்னைக்கு அவருக்கு எதிர்ல வள்ளியா நின்னவங்க, பொட்டி வாசிச்சவரு, படுதாவை இறக்கினவரு பேரெல்லாம் சேர்த்து எழுதின ஒரு கட்டுரையை நான் இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஒரு வேடிக்கை சொல்றேன். இந்தப் பாட்டுகளையெல்லாம் யாரு பத்திரமா வச்சிருந்தாங்கன்னு பாத்தா, தடை பண்ணவங்கதான் வச்சிருந்தாங்க. 1876லயே நாடகத்தை அடக்கறதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. பின்னாடி சுதந்திரப் போராட்டப் பாட்டுப் புத்தகமாப் பாத்துப் பாத்து பறிமுதல் பண்ணாங்க. பறிமுதல் பண்ணதை எரிக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி ஃபைல்ல வச்சுக்கிட்டாங்க, அப்படித் தப்பிச்சது எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியிலயும் இன்னைக்கும் இருக்கு. நம்ம வீட்டுப் பரண்ல இருந்தது கரையான் தின்னுருச்சு, இல்லன்னா போகிக்கு எரிச்சுட்டோம். அதே மாதிரி 1867ல ஒரு சட்டம், எந்தப் புத்தகம் அச்சடிச்சாலும் சர்க்காருக்குக் காப்பி குடுத்துப் பதிவு பண்ணணும். அதை மூணு மாசத்துக்கு ஒரு தடவை செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டோட பட்டியலாப் போடுவாங்க, புத்தகம் பேரு, எழுதினவரு, எந்த பிரஸ், எத்தனை காப்பி, என்ன விலை எல்லாம் அதுல வரும். அட்டையில பேரு இல்லாத நாடகப் பாட்டுப் புத்தகத்துக்கெல்லாம் எழுதினவரு யாருன்னு பாக்க அந்தப் பட்டியலைத்தான் புரட்டணும். ஒரு பிரஸ்காரனா அதைப் பாக்கறப்ப எனக்கு உள்ளூர சந்தோஷம்தான், அச்சடிச்சவன் பேரும் அதுல இருக்குல்ல.

படுதா எழுதினவங்களைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. கொண்டையா ராஜுன்னா சிவகாசிக்காரங்களுக்குத் தெரியும், காலண்டர் சாமி படமெல்லாம் போட்டவரு, நம்ம பாட்டி வீட்டுப் பூஜை ரூம்ல கண்ணாடி போட்டு மாட்டியிருந்த முருகன், லட்சுமி, சரஸ்வதியில பாதி அவரு கையில இல்லன்னா அவரு சிஷ்யருங்க கையில வந்தது. அவரு கோவில்பட்டிக்கு எப்படி வந்தாருன்னு நினைக்கறீங்க? நாடகக் கம்பெனியில சீன் படுதா எழுதற ஆளாத்தான் வந்தாரு. 1940கள்ல கம்பெனி அந்த ஊரோட கலைஞ்சு போச்சு, இவரு அங்கயே தங்கிட்டாரு. சென்னையில ஓவியப் பள்ளியில படிச்சவரு, திருவண்ணாமலை ரமணாசிரமத்துல கொஞ்ச காலம் இருந்தவரு, கடைசியில ஒரு நாடகக் கம்பெனி நொடிச்சதால கோவில்பட்டிக்காரர் ஆயிட்டாரு. மேடையில பின்னாடி தொங்கின அரண்மனைத் தூணும் நந்தவனமும் தாமரைக் குளமும் அப்படியே சாமிக்குப் பின்னாடி போயி காலண்டர்ல உக்காந்துருச்சு. ஒரு பழைய காலண்டரை எடுத்து சாமியை விட்டுட்டுப் பின்னாடி இருக்கறதை மட்டும் பாருங்க, சீன் செட்டிங் தெரியும். அவராவது காலண்டருக்கு வந்ததால பேரு நின்னுச்சு, நாடகத்தோடயே நின்னுட்ட படுதாக்காரங்க யாருன்னு எந்த ஓவியப் புத்தகத்துலயும் இல்ல.

பொம்பளைங்க கதை இன்னும் மோசம். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பொம்பளைங்களை மட்டுமே வச்சு ஒரு கம்பெனி நடத்துனாங்க, அந்த நாடகம் பாக்கறதுக்குன்னே ரயில் விட்டாங்கன்னு சொல்லுவாங்க, சினிமாவுக்கு முன்னாடியே அப்படி ஒரு கூட்டம். அவங்களைப் பத்தி எழுதறவங்க அழகு, சேலை, நகை, கடைசியில பட்ட கஷ்டம்னுதான் எழுதறாங்க. ஒரு பொம்பளை அத்தனை பேருக்கும் சம்பளம் போட்டு, ஊர் ஊராக் கொட்டகை பிடிச்சு, லைசென்ஸ் வாங்கி, பாட்டு வாத்தியாரு வச்சு கம்பெனி நடத்துனதைத்தான நாம கேக்கணும், கணக்கு வழக்கு யாரு பாத்தா, வாத்தியாரு யாரு, கூட ஆடினவங்கெல்லாம் பின்னாடி எங்க போனாங்க. சுந்தராம்பாள் அம்மாவைப் பத்தியும் கிட்டப்பா காதல், வெள்ளைச் சேலை, நந்தனார் படத்துக்கு வாங்கின லட்ச ரூபா, இந்த மூணோட நின்னுருவோம். கொடுமுடியில இருந்து வந்த சின்னப் பொண்ணை மேடையில ஏத்தினது வேலு நாயர் கம்பெனி. அந்தக் கம்பெனியில யாரு அவங்களுக்குப் பாடம் சொன்னது?

தேடணும்னு நினைக்கறவங்களுக்கு வழி இல்லாம இல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரு சேர்த்து வச்சது சென்னையில லைப்ரரியா இருக்கு, அவரு புத்தகம் மட்டும் சேர்க்கல, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ்னு நாம குப்பைன்னு நினைக்கறதையெல்லாம் சேர்த்தாரு, புண்ணியவான். 1990கள்ல சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கி இங்கயே வச்சு நடத்த ஏற்பாடு பண்ணாங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல பழைய நாடகப் புத்தகம் நிறைய ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க, வீட்டுல உக்காந்தே படிக்கலாம். நம்ம கம்பெனிங்க கொழும்பு, மலேயா, சிங்கப்பூர்னு கப்பல் ஏறிப் போயிருக்காங்க, கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்ததே கொழும்புலதான். அதனால 1935ல ஆரம்பிச்ச சிங்கப்பூர் தமிழ் முரசோட பழைய இதழ்களையும் ஒரு கண்ணு பாக்கணும், அந்த ஊர் தேசிய நூலகம் அதை இணையத்துல ஏத்தியிருக்கு. இலங்கைப் பத்திரிகை, மலர்களுக்கு "நூலகம்"ங்கற பேருலயே ஒரு இணையதளம் இருக்கு. மதுரை சுண்ணாம்புக்காரத் தெரு பக்கம் நாடக நடிகர் சங்கத்துல போயி நின்னா வாய்மொழியா எவ்வளவோ கிடைக்கும், என்ன, சாயங்காலம் போகக்கூடாது, எல்லாரும் வேனைப் பிடிச்சு நாடகத்துக்குக் கிளம்பிருப்பாங்க.

கவனமா இருக்கணும்னா ஒண்ணே ஒண்ணுதான். இணையத்துல ஒருத்தர் எழுதினதை நூறு பேரு எடுத்துப் போட்டுருப்பாங்க, அதைப் பாத்து நூறு ஆதாரம்னு நினைச்சிரக்கூடாது. சுவாமிகள் எழுதின நாடகம் எத்தனைன்னு தேடினா இடத்துக்கு இடம் ஒரு எண்ணிக்கை. நோட்டீஸும் சில நேரம் ஏமாத்தும், போட்ட ஆளு அன்னைக்கு வராம வேற ஆளு வந்து ஆடிட்டுப் போயிருப்பாரு. அதனால நோட்டீஸு, டைரி, பேப்பர் விளம்பரம், வீட்டுக்காரங்க சொல்றது, இதுல ரெண்டாச்சும் ஒத்துப் போனாத்தான் நான் நோட்டுல மையால எழுதுவேன், அது வரைக்கும் பென்சில்தான்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். இனிமே நாடகப் போட்டோ போட்டா முழுப் பேரும் போடுங்க, இடமிருந்து வலம்னு. நிருபர் போறப்ப கையில நோட்டீஸ் ஒண்ணு வாங்கிட்டு வந்தா போதும், எல்லாப் பேரும் அதுலயே இருக்கு, யாரையும் பேட்டி எடுக்கக்கூட வேணாம். அப்புறம் உங்க ஆபீஸ்ல பழைய ஃபைல் காப்பி இருக்கும்ல, அதுல வந்த நாடக விளம்பரத்தையெல்லாம் வாரத்துக்கு ஒண்ணு மறுபடி போடுங்க, கொஞ்ச இடம்தான் பிடிக்கும். அதுக்குக் கீழ "இவங்க குடும்பத்தார் யாராவது இருந்தா எழுதுங்க"ன்னு ஒரு வரி. கண்டிப்பா எழுதுவாங்க. என் கடைக்கு கண்ணீர் அஞ்சலி அடிக்க வர்றவங்கள்லயே "எங்க தாத்தா மிருதங்கம், இன்னாரு கூடயெல்லாம் வாசிச்சிருக்காரு"ன்னு சொல்றவங்க உண்டு, அஞ்சலியில "முன்னாள் நாடகக் கலைஞர்"னு போடணும்னு ஆசைப்படுவாங்க, எந்த செட்டு, எந்த வருஷம்னு கேட்டா அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது, ஆனா பீரோவுல ஒரு மஞ்சள் பையில பழைய நோட்டீஸ் இருக்குன்னு சொல்லுவாங்க.

அந்தப் பைக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். வாசகர்கிட்ட கேக்கறப்ப இதையும் சேர்த்துப் போட்டுருங்க: பழைய நோட்டீஸ் கிடைச்சா லேமினேஷன் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க, ரெண்டுமே காகிதத்தைக் கெடுத்துரும். மடிப்பைப் பலவந்தமாப் பிரிக்க வேணாம். வெளிச்சத்துல வச்சு மொபைல்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, பின்பக்கத்தை விட்டுராதீங்க, அன்னைக்கு வாங்கின அட்வான்ஸ், பஸ் சார்ஜு, யாருக்கு எவ்வளவு பாக்கின்னு அதுலதான் எழுதி வச்சிருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு பிரஸ்காரன்,
புதுக்கோட்டை மாவட்டம்.